மாமியாரின் பூட்டனாரைத் தேடி வேல்ஸ் கடற்கரையில்

செப்டம்பர் 15: அபெரிஸ்ட்வித்

"எந்த ஜோன்ஸ்?"

ரயிலில் எதிரே அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை கேட்ட முதல் கேள்வி இதுதான். இங்கிலாந்து ரயில்களில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் மடியில் ஒரு நாவலை விரித்து வைத்திருந்தேன். ஷ்ரூஸ்பரியைத் தாண்டி வேல்ஸுக்குள் நுழைந்ததும் அந்த நாவலுக்கு வேலை இல்லாமல் போனது. வணிகக் கப்பல் மாலுமியாக இருந்த ஜோன்ஸ் என்ற தன் பூட்டனாரின் தடத்தைத் தேடிப் போகிறோம் என்று என் மாமியார் சொன்னதுதான் தாமதம், பெட்டியில் பாதிப்பேர் ஆலோசனை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எல்லா ஆலோசனைகளின் சாரமும் ஒன்றுதான்: பெயரை வைத்துத் தேடாதீர்கள்.

வேல்ஸில் நெடுங்காலம் தந்தையின் பெயர்தான் மகனுக்குப் பின்பெயர். தூத்துக்குடியில் நாங்கள் இனிஷியல் போட்டுக்கொள்வதைப் போலத்தான். நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்ற காலம் வந்தபோது, புழக்கத்தில் இருந்த விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்களே அப்படியே நின்றுவிட்டன. ஜானின் மகன் ஜோன்ஸ், டேவிடின் மகன் டேவிஸ், ஈவானின் மகன் ஈவான்ஸ். கடற்கரைக் கிராமம் ஒன்றில் கல் எறிந்தால் ஒரு ஜோன்ஸ் மேல்தான் விழும்.

எங்களிடம் இருந்த தகவல்கள் குறைவு. 1849-இல் லாங்க்ரானோக் ஊர்ப்பக்கம் பிறந்தவர், சிறுவயதிலேயே கப்பலேறியவர், பிற்காலத்தில் குடும்பத்தோடு கார்டிஃப் நகருக்குக் குடிபெயர்ந்தவர். மாமியார் கார்டிஃபில் பிறந்து வளர்ந்தவர், வயது 76. அவர் வீட்டுக் கூடத்தில் ஓர் ஓவியம் தொங்குகிறது: பாய் விரித்த கப்பல், பின்னால் புகையும் வெசூவியஸ் எரிமலை, கீழே கப்பலின் பெயர். அந்தப் பெயர் ஒரு பெண்ணுடையது. நேப்பிள்ஸ் துறைமுகத்து ஓவியர்கள் வந்துபோகும் கப்பல்களுக்கெல்லாம் இப்படிப் படம் வரைந்து விற்றிருக்கிறார்கள். வேல்ஸ் கடலோர வீடுகள் பலவற்றில் இன்னும் அந்த எரிமலை புகைந்துகொண்டுதான் இருக்கிறது.

ஊரில் இறங்கியபோது நல்ல காற்று. அலைகள் கடற்கரைச் சாலையின் கைப்பிடிச் சுவரைத் தாண்டி விழுந்தன. நிலையத்திலிருந்து விடுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் குடை உள்வெளியாக மடங்கி, இரண்டு கம்பிகள் போயின. விடுதிக்காரப் பெண்மணி எங்களைப் பார்த்ததும் முதலில் காலணிகளைக் கழற்றச் சொன்னார். வாங்கிக்கொண்டு போய் நீராவிக் குழாயருகே வைத்தார். அடையாள அட்டையெல்லாம் அதற்கப்புறம்தான்.

இரவுக்குக் 'கௌல்'. ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் லீக் தண்டும் போட்டு நெடுநேரம் கொதிக்க வைத்த சாறு, பக்கத்தில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும். 11 பவுண்டு. என் கைப்பையிலிருந்த மிளகுத்தூளைத் தூவியபோது மாமியார் தன் கிண்ணத்தையும் நீட்டினார். இருபது வருடப் பழக்கம்.

செப்டம்பர் 16: தேசிய நூலகம்

வேல்ஸின் தேசிய நூலகம் ஊருக்கு மேலே குன்றின்மீது இருக்கிறது. ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். உள்ளே பென்சில் மட்டும் அனுமதி; பைகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். "குன்றின்மேல் வைத்தால்தான் படிக்க உண்மையாகவே ஆசை உள்ளவர்கள் மட்டும் வருவார்கள்" என்றார் மாமியார்.

கப்பல் மாலுமிகளின் ஆவணங்களில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 1835-இல் பிரிட்டன் அரசு வணிகக் கப்பல் மாலுமிகளைப் பெயர்வாரியாகப் பதிவு செய்ய ஆரம்பித்தது. போர் வந்தால் கடற்படைக்கு ஆள் பிடிக்க வசதியாக இருக்கும் என்பதுதான் உள்நோக்கம். 1845 முதல் ஒவ்வொரு மாலுமிக்கும் ஒரு சீட்டு. உயரம், கண்ணின் நிறம், முடியின் நிறம், பச்சை குத்தியிருந்தால் அது எங்கே, எழுதத் தெரியுமா என்பது வரை அதில் பதிவானது. மாலுமிகளுக்கு அந்தச் சீட்டைக் கண்டாலே ஆகாது. 1853-இல் சீட்டு முறை ஒழிந்தது. 1857-இல் பதிவேட்டையே கைவிட்டார்கள். அதன் பிறகு 1913 வரை, உலகின் மிகப் பெரிய வணிகக் கப்பற்படையை வைத்திருந்த நாட்டில், அதில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பெயர்ப் பதிவேடு கிடையாது.

எங்கள் ஜோன்ஸ் கப்பலேறியது 1863 வாக்கில். அரசு கண்ணை மூடிக்கொண்ட காலம் முழுவதும் அவர் கடலில் இருந்திருக்கிறார்.

ஆனால் கப்பல்களை அரசு மறக்கவில்லை. 1855 முதல் பதிவான ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் எண். அதை உத்தரத்தில் செதுக்க வேண்டும். கப்பல் கைமாறினாலும் பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது. ஒவ்வொரு பயணத்துக்கும் மாலுமிகள் கையெழுத்திடும் ஒப்பந்தத் தாள் அந்த எண்ணின் கீழ்தான் அடுக்கப்பட்டது. ஆக, ஆளைக் கண்டுபிடிக்க முதலில் கப்பலைக் கண்டுபிடிக்க வேண்டும். மரத்துக்கு எண் கொடுத்த அரசு மனிதனை ஏன் விட்டது என்று மாமியார் கேட்டார். மரத்துக்குக் காப்பீடு இருந்தது என்று பதில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அபெரிஸ்ட்வித் துறைமுகத்தில் பதிவான கப்பல்களின் தாள்கள் இந்த நூலகத்தில்தான் இருக்கின்றன. அவற்றிலுள்ள பெயர்களைத் தன்னார்வலர்கள் பொறுமையாகத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அதில் ஜோன்ஸ் என்று தேடினால் முடிவே இல்லை. ஓவியத்திலிருந்த கப்பலின் பெயரைக் கொடுத்தோம். அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் இருந்தன. எண்ணையும் அளவையும் ஒப்பிட்டு ஒன்றைப் பிடித்தோம்.

தாள் வந்தது. விரித்தால் மேசையின் பாதியை அடைத்துக்கொள்கிறது. கட்டம் கட்டமாகப் பெயர், வயது, பிறந்த ஊர், கடைசியாக வேலை பார்த்த கப்பல், பதவி, மாதச் சம்பளம், இறங்கிய நாள், இறங்கிய காரணம். 1868, கார்டிஃபிலிருந்து நிலக்கரி ஏற்றி நேப்பிள்ஸுக்கு. ஏழாவது வரியில் எங்கள் ஆள். மாதம் இரண்டு பவுண்டு பத்து ஷில்லிங். வயது 21 என்று எழுதியிருக்கிறது. உண்மையில் 19. முழு மாலுமிச் சம்பளம் வாங்க இரண்டு வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார் போலும்.

தாளின் மேற்பகுதியில் சாப்பாட்டுப் பட்டியல். நாளுக்கு ஒரு பவுண்டு ரொட்டி, அதாவது பல்லை உடைக்கும் பிஸ்கட். ஒருநாள் ஒன்றரை பவுண்டு மாட்டிறைச்சி, மறுநாள் ஒன்றேகால் பவுண்டு பன்றியிறைச்சி, இரண்டும் உப்புக்கண்டம். தண்ணீர் மூன்று குவார்ட். எலுமிச்சைச் சாறு உண்டு. மதுபானம் கிடையாது. சம்பளத்தையும் சாப்பாட்டையும் இவ்வளவு கறாராக எழுதி வைத்த காகிதத்தில், இறந்துபோனால் யாருக்குத் தகவல் சொல்வது என்று ஒரு கட்டம்கூட இல்லையே என்று தேடிப் பார்த்தேன்.

'கடைசியாக வேலை பார்த்த கப்பல்' என்ற அந்தக் கட்டம்தான் இந்தத் தேடலின் உயிர். அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகலாம். அப்படிப் போய் 1863-ஐத் தொட்டோம். கரையோரமாகச் சுண்ணாம்புக்கல்லும் நிலக்கரித் தூளும் ஏற்றும் ஒரு சிறு கப்பல். வயது 14, சம்பளம் மாதம் 15 ஷில்லிங், பதவி சமையல்காரர். கரையோரக் கப்பல்களில் ஆகக் கடைசியாகச் சேர்ந்த பையன் தலையில்தான் சமையலைக் கட்டுவார்களாம்.

"சமையல்காரரா? எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாதே!"

மாமியாரின் செவிக்கருவியில் மின்கலம் தீர்ந்துபோயிருந்ததால், இதை அவர் படிப்பறை முழுவதற்கும் அறிவித்தார். பல தலைகள் நிமிர்ந்தன. மூலையில் ஒரு பெரியவர் தன் பென்சிலை உயர்த்தி வணக்கம் வைத்தார்.

இன்னொன்றையும் கவனித்தேன். 1863-ஆம் ஆண்டுத் தாளில் அவர் பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறிதான். 1868-இல் கொம்பும் சுழியுமாக முழுக் கையெழுத்து. இடையில் யாரோ எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

மதியம் நூலகச் சிற்றுண்டிச்சாலையில் 'பாரா பிரித்': தேநீரில் ஊறிய உலர்பழங்கள் போட்ட ரொட்டி, மேலே வெண்ணெய். தேநீருடன் 6 பவுண்டுக்குக் கொஞ்சம் கீழே. நம் ஊர்ப் பேக்கரி பிளம் கேக்கைவிட நன்றாக இருந்தது என்று எழுதினால் தூத்துக்குடியில் என்னைச் சேர்க்கமாட்டார்கள். ஆனால் நன்றாக இருந்தது.

செப்டம்பர் 17: லாங்க்ரானோக்

வாடகைக் கார். வேலிப் புதர்கள் இருபக்கமும் கண்ணாடியை உரசும் சாலைகள். எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கியாக வேண்டும். பெரும்பாலும் விவசாயிதான் பின்வாங்கினார். கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துகிறார்கள். நன்றிக்கும் வணக்கத்துக்கும் போய்வா என்பதற்கும் அந்த ஒரு விரல்தான்.

பள்ளத்தாக்கு முடியும் இடத்தில் ஒரு சிறு மணற்பரப்பு, பெரிய பல்லைப்போல் ஒரு பாறை, சில வீடுகள். பிக்கா என்ற அரக்கன் பல்வலி தாங்காமல் துப்பிய பல் அது என்று கதை. இந்தச் சின்னக் கரையில் கப்பல் கட்டினார்கள் என்றால் நம்புவது கஷ்டம்.

தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் எங்கு திரும்பினாலும் கேப்டன்கள். சில கற்களில் ஆளின் பெயரோடு கப்பலின் பெயரும் இருந்தது. புல் வெட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் மாமியார் ஜோன்ஸ் என்று சொன்னதும் அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "வீட்டுப் பெயர் என்ன?" என்று கேட்டார். வீட்டுப் பெயர் தெரியாது. "அப்படியானால் கப்பல்?" கப்பலின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. கல்லறை எதையும் காட்டவில்லை. ஆனால் ஊரின் மேட்டுப் பக்கம் கை நீட்டி, அந்தக் கப்பலில் பங்கு வைத்திருந்த குடும்பம் அங்கே இருந்தது என்றார்.

பங்கு என்றதும் நூலகத்துப் பதிவேடு நினைவுக்கு வந்தது. பிரிட்டிஷ் கப்பல் எதுவானாலும் சட்டப்படி 64 பங்குகள். இந்தக் கரையில் அவற்றை வாங்கியவர்கள் பெருமுதலாளிகள் அல்ல. துணிக்கடைக்காரர் நாலு, விவசாயி இரண்டு, விதவை ஒருத்தி ஒன்று, போதகர் ஒன்று என்று ஊரே சேர்ந்து ஒரு கப்பலை வைத்திருக்கிறது. கப்பல் மூழ்கினால் மாலுமிகளின் வீடுகளோடு துணிக்கடையும் சேர்ந்து அழும்.

ஊரின் நடுவே ஒரு பெண்ணின் சிலை. சாரா ஜேன் ரீஸ். க்ரானோக்வென் என்ற புனைபெயரில் அறியப்பட்டவர். 1839-இல் இங்கே ஒரு கப்பல் தலைவரின் மகளாகப் பிறந்தவர். தையல் கற்கச் சொன்னபோது மறுத்து, தந்தையின் கப்பலில் கடலுக்குப் போனார். பிறகு லண்டனிலும் லிவர்பூலிலும் கடல்வழி அறிவியல் படித்துவிட்டு, இருபத்தொன்றை ஒட்டிய வயதில் ஊர்ப் பள்ளிக்கு ஆசிரியை. குழந்தைகளுக்கு எழுத்து, குளிர்காலத்தில் கப்பல்கள் கரையேறிக் கிடக்கும் மாதங்களில் வளர்ந்த மாலுமிகளுக்கு நட்சத்திரமும் கோணமும். 1865-இல் வேல்ஸின் கலை இலக்கியப் போட்டித் திருவிழாவான தேசிய ஐஸ்டெத்வோடில், புகழ்பெற்ற ஆண் கவிஞர்களைத் தோற்கடித்துக் கவிதைப் பரிசு வாங்கினார். பிறகு பெண்களுக்கான பத்திரிகை நடத்தினார். 1916-இல் மறைந்தார். சிலை 2023-இல்தான் வந்தது.

மாமியார் சிலையின் முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டு, "இவர்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்" என்றார்.

"அத்தை, அதற்கு ஆதாரம் இல்லை."

"1863-இல் பெருக்கல் குறி. 1868-இல் கையெழுத்து. இந்த ஊரில் அப்போது பள்ளிக்கூடம் நடத்தியவர் இவர். வேறு யார் வந்து கற்றுக்கொடுத்திருப்பார்கள், கடற்காகமா?"

வழக்கறிஞராகப் போயிருக்க வேண்டியவர். ஆதாரம் இல்லைதான், ஆனால் நானும் உள்ளூர அதையே நம்புகிறேன். க்ரானோக்வென் பள்ளியை விட்டது 1866-இல். கணக்கு இடிக்கவில்லை.

மதியம் கரையோரத்தில் மீனும் வறுத்த உருளைக்கிழங்கும், ஆளுக்கு 13 பவுண்டு. கடற்காகம் என்று சொன்னது அதற்குக் கேட்டுவிட்டதோ என்னவோ, மாமியாரின் மீனில் பாதியை ஒன்று நேரே கொத்திக்கொண்டு போனது. பக்கத்து மேசைப் பையன் எழுந்து வந்து தன் தட்டிலிருந்து ஒரு துண்டை அவர் தட்டில் வைத்துவிட்டுப் போனான். பெற்றோர் சொல்லி வந்ததாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 18: போர்த்மாடோக் போகும் வழி

மழை. கரையோரப் பாதையில் ஒரு மரம் விழுந்ததால் ரயில் ஒரு சிறு நிலையத்தில் நின்றுவிட்டது. கூரை என்று பெயருக்கு ஒரு தகரம். இரண்டு மணி நேரம். வீட்டிலிருந்து டப்பாவில் வெல்ஷ் கேக் கொண்டுவந்த பெண்மணி எல்லாருக்கும் கொடுத்தார். முதலில் மாமியாருக்கு, பிறகு அழுதுகொண்டிருந்த குழந்தைக்கு, பிறகு ரயில் ஊழியருக்கு. கல்லில் சுட்ட சின்ன வட்டங்கள், திராட்சை போட்டு மேலே சர்க்கரை தூவியவை. ஊழியர் இரண்டாவதை வாங்கிக்கொண்டு, "மரம் நாளைக்கும் விழட்டும்" என்றார்.

பார்மத் மரப்பாலத்தைக் கடக்கும்போது மாலையாகிவிட்டது. 1867-இல் திறந்த பாலம். ரயில் மெதுவாக ஊர்கிறது. கீழே கழிமுகம் முழுக்கச் சாம்பல் நிறம்.

செப்டம்பர் 19: போர்த்மாடோக், கார்நார்வன்

1871-இல் எங்கள் ஜோன்ஸ் வேலை பார்த்த கப்பல் போர்த்மாடோக்கில் கட்டியது. இந்த ஊரின் கதை முழுவதும் ஸ்லேட் பலகைதான். பிளைனை ஃபெஸ்டினியோக் மலையிலிருந்து ஸ்லேட்டை இறக்க 1836-இல் ரயில் பாதை போட்டார்கள். ஏற்றிய வண்டிகள் சரிவில் தாமாகவே உருண்டு வரும். குதிரைகளும் ஒரு பெட்டியில் ஏறி ஒய்யாரமாக இறங்கி வரும். காலி வண்டிகளை மேலே இழுப்பது மட்டும்தான் அவற்றின் வேலை. 1842-இல் ஹாம்பர்க் நகரம் தீப்பிடித்து எரிந்தது. கூரை போட ஸ்லேட் வேண்டும். போர்த்மாடோக்குக்கு நல்ல காலம் பிறந்தது.

துறைமுகத்துப் பழைய ஸ்லேட் கொட்டகையில் ஒரு கடல்சார் அருங்காட்சியகம். அதைவிட எனக்குப் பிடித்தது எதிரே நீரில் இருக்கும் சின்னத் தீவு. ஸ்லேட்டை இறக்கிவிட்டுத் திரும்பும் கப்பல்கள் நிலை தடுமாறாமலிருக்க அடித்தட்டில் கல் ஏற்றி வரும். துறைமுகத்துக்குள் நுழையுமுன் அதைக் கொட்டிவிடும். கொட்டிக் கொட்டியே ஒரு தீவு. உலகத்தின் எந்தெந்தக் கரைக் கற்களோ அங்கே கிடக்கின்றன. மாலுமிகளுக்கு இல்லாத நினைவகம் அவர்கள் வீசியெறிந்த கல்லுக்கு இருக்கிறது.

இங்கே கட்டிய, மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பல்கள் பிற்காலத்தில் ஸ்பெயினிலிருந்து உப்பு ஏற்றி நியூஃபவுண்ட்லாந்து போய், அங்கிருந்து கருவாடு ஏற்றி மத்தியதரைக் கடலுக்குப் போயின. கருவாடு என்றதும் நான் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடைசியாகக் கட்டிய 'கெஸ்டியானா' 1913-இல் தன் முதல் பயணத்திலேயே தொலைந்தது. அதோடு கப்பல் கட்டுவது இங்கே முடிந்தது.

போர்த்மாடோக் கப்பல்களின் பதிவுத் துறைமுகம் கார்நார்வன். அங்குள்ள ஆவணக் காப்பகத்தில் 1871-ஆம் ஆண்டுத் தாள் கிடைத்தது. ஹாம்பர்க்கில் இறங்கியிருக்கிறார். ஒழுக்கம்: மிக நன்று. வயது 22, இந்த முறை உண்மையான வயது.

செப்டம்பர் 23: லண்டன், கிரீனிச்

லண்டன் காப்பி ஒன்று நாலரை பவுண்டு. வேல்ஸை நினைத்துப் பெருமூச்சு.

கப்பல் தாள்கள் ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். டன் கணக்கில் சேர்ந்த காகிதத்தை வைக்க இடமில்லாமல் பங்கு போட்டார்கள். பத்தில் ஒரு பங்கு லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு. 1875, 1885 என்று ஐந்தில் முடியும் ஆண்டுகளில் எஞ்சியவை கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு. கொஞ்சம் உள்ளூர்க் காப்பகங்களுக்கு. மீதி, ஏறக்குறைய எழுபது சதவீதம், 1970-களின் தொடக்கத்தில் கப்பலேறிக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலுள்ள பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது.

முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்ததால் 1885-ஆம் ஆண்டுத் தாள் தயாராக இருந்தது. பாய்மரம் போய் நீராவி வந்துவிட்டது. எங்கள் ஜோன்ஸின் ஊருக்குப் பக்கத்து அபெர்போர்த்தைச் சேர்ந்த கேப்டன் ஈவான் தாமஸ் 1882-இல் கார்டிஃபில் கூட்டாகக் கப்பல் நிறுவனம் தொடங்கினார். அந்தக் கரையிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் நிலக்கரியின் பின்னால் கார்டிஃப் போயின. எங்கள் ஜோன்ஸும் போனார். பதவி போசன், அதாவது மேல்தள மாலுமிகளை மேய்ப்பவர்; மாதம் நான்கு பவுண்டு. வயது 33 என்று எழுதியிருக்கிறது, உண்மையில் 36. இளமையில் கூட்டிச் சொன்னதை இப்போது குறைத்துச் சொல்கிறார். வயதான போசனை யார் எடுப்பார்கள்?

தாளின் பின்பக்கம் துறைமுக முத்திரைகள். கார்டிஃப் நிலக்கரியோடு சூயஸ் வழியாகப் போய், கொழும்பு.

என் பாட்டனாரின் தந்தை தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல். ஏறக்குறைய அதே காலம். இருவரும் ஒரே துறைமுகத்தில் நின்றிருக்கலாம். இவருடைய சம்பளம், சாப்பாடு, பொய் வயது வரை அச்சிட்ட கட்டங்களில் இருக்கிறது. அவரைப் பற்றி எங்கள் வீட்டில் இருப்பது "கோபக்காரர்" என்ற ஒரு சொல். இந்தச் சில நாட்களாக ஆவண ஓட்டை, ஓட்டை என்று அங்கலாய்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிட்டேன்.

1895-ஆம் ஆண்டுத் தாள்களில் எங்கள் ஜோன்ஸ் இல்லை, அல்லது எந்தக் கப்பல் என்று எங்களுக்குத் தெரியவில்லை. 1885-ஆம் ஆண்டுத் தாளில் 'கடைசியாக வேலை பார்த்த கப்பல்' கட்டத்தில் சண்டர்லாந்தில் பதிவான ஒரு கப்பல், 1884. அந்த ஆண்டுத் தாள் இருக்கக்கூடிய இடம் நியூஃபவுண்ட்லாந்து. கப்பல் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் நகல் அனுப்புவார்களாம். மாமியாரிடம் அந்தப் படிவத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு முழுவதும் படித்தார்; மடித்துப் பையில் வைத்தார்.

திரும்பும் ரயிலில் அவர் கேட்டது, அக்டோபரில் அங்கே குளிர் எப்படி இருக்கும், இப்போதும் கருவாடு போடுகிறார்களா என்பதுதான். என் கணவரிடம் இன்னும் நாங்கள் இதைச் சொல்லவில்லை.